நேராக்காமல் விட்ட புல்லி

என்னிடம் நாற்பது வயதைத் தாண்டிய பழைய கார் ஒன்று இருக்கிறது. போன வருடம் அதன் பவர் ஸ்டீயரிங் பம்பையும் பெல்ட்டையும் நானே மாற்றினேன். பம்பின் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், இஞ்சின் புல்லிக்கு நேராக இல்லாமல் சற்று முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. பெல்ட் சுற்றுகிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மனைவி ஃபரீதாவுடன் சிங்கப்பூரின் ஜாலான் புசாரிலிருந்து தோ பாயோவுக்குக் கிளம்பினேன்.

"என்னங்க, முன்னாடி ஏதோ கீச்சுகீச்சுன்னு கத்துதே?" என்றாள்.

"புது பெல்ட் லா, அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

தோ பாயோ வளைவில் திரும்பும்போது படாரென்று ஒரு சத்தம். பெல்ட் கழன்றுவிட்டது. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. கார் நேராகப் போனது. எதிரே சாலையோரத்தில், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரும் அவரைத் தள்ளிவந்த பணிப்பெண்ணும் நின்றிருந்தார்கள்.

"திருப்புங்க! திருப்புங்க!" என்று ஃபரீதா அலறினாள்.

பிரேக்கை மிதித்தபடி முழு பலத்தோடு திருப்பினேன். நடைபாதை விளிம்பில் டயர் உரசிக் கார் நின்றபோது, பெரியவரின் கால்களுக்கும் எங்களுக்கும் ஓரடிதான் இடைவெளி. அந்தப் பெண் நாற்காலியைப் பிடித்த கையை எடுக்காமல் அழுதாள். மன்னிப்புக் கேட்க இறங்கினேன்.

இப்போது பெல்ட் மாட்டுமுன், நீளமான இரும்பு ஸ்கேலை வைத்துப் புல்லிகளின் பள்ளங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். கொஞ்சம் விலகியிருந்தாலும் பம்பைக் கழற்றி மறுபடி பொருத்துகிறேன். அப்படியும் முதல் வளைவைத் தாண்டும்வரை என் உள்ளங்கை வியர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.