அமாவாசை அன்று மூச்சுவிட்ட கேபினெட்

தடக்... தடக்... தடக்...

செல்லூரில் எங்கள் வீட்டுச் சுவரில் கை வைத்தால், பக்கத்துக் கூடத்தில் விசைத்தறி ஓடுவது விரலில் தெரியும். மேஜையில் வைத்த டம்ளர் தானாக நகரும். அது எங்களுக்குச் சத்தமே இல்லை. புதிதாக ஏதாவது சத்தம் வந்தால்தான் உறுத்தும்.

இரண்டாயிரத்துச் சொச்சம். அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தறிக்கூடத்துப் பஞ்சு நெஞ்சில் அடைத்து, கடைசி இரண்டு வருஷம் இழுப்போடு கிடந்தவர். மூச்சை இழுப்பார்... ஒரு நொடி நிற்கும்... பிறகு விசிலோடு விடுவார்.

அவர் போன பிறகு அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. எங்களுக்கு இருந்ததோ ஒரே அறை. நான் வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கக் கம்ப்யூட்டர் வாங்கியாக வேண்டும். அம்மாவின் தலைமாட்டில் இரைகிற பெட்டியைக் கொண்டுவந்து வைக்க மனசு வரவில்லை.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருகிற பாஷா அண்ணனுக்கு, அவர் தம்பியின் தறிக்கூடத்து முன்னறைதான் கடை. கேபினெட் என்கிற காலி வெளிப்பெட்டிகள் மூன்றில் ஃபேன் மாட்டி ஓட்டிக் காட்டினார்.

"சின்னதா வேணும்ணே! கட்டிலுக்கும் செவுத்துக்கும் நடுவுல நிக்கணும்! சத்தமே வரக்கூடாது!"

"இந்தா, இதுல காத வச்சுப் பாரு மாப்ள! ஏதாச்சும் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலண்ணே!"

"எம்புட்டு அமைதி பாத்தியா!"

பின்னால் பன்னிரண்டு தறி ஓட, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே சத்தம் போடாத கேபினெட்டைத் தேர்ந்தெடுத்தோம். செல்லூர்க்காரனைத் தவிர வேறு யாருக்கு வரும் இந்த அறிவு!

மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு அமாவாசை வந்தது...

அன்றைக்குத் தறிகளுக்கு லீவு. மத்தியானம் அப்பாவுக்குப் படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு அம்மா உள்ளே வந்தார். நான் கல்யாணப் பத்திரிகை ஒன்று அடித்துக்கொண்டிருந்தேன். தெருவே வாயை மூடிக்கொண்டு இருந்தது.

என் காலடியில், கேபினெட் மூச்சை இழுத்தது... ஒரு நொடி நின்றது... விசிலோடு விட்டது.

அம்மா கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

"டேய்... உங்கப்பாடா."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். ஃபேன் முழுக்கத் தறிப் பஞ்சு. இறக்கை சுற்ற முடியாமல் திணறியிருக்கிறது.

"தூசிம்மா. அம்புட்டுதான்."

துடைத்து மாட்டினேன். சத்தம் போய்விட்டது. அம்மா அந்தப் பஞ்சைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத ஏன்டா எடுத்த?"

அடுத்த அமாவாசை மத்தியானம். தறியும் இல்லை, கரண்ட்டும் இல்லை. நான் குளித்துவிட்டு வந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கேபினெட்டின் மேல் கை வைத்திருந்தார்.

"கேக்குதாடா?"

"இல்லம்மா. கரண்ட்டே இல்ல, எப்புடி ஓடும்?"

அம்மா கையை எடுக்கவில்லை.

இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அன்றைக்கு எனக்கும் கேட்டது. இழுத்தது... நின்றது... விட்டது. பயத்தில் பொய் சொல்லிவிட்டேன்.

இப்போது பரவைப் பக்கம் வீடு. தறிச் சத்தம் கிடையாது. என் லேப்டாப்பில் ஃபேனே கிடையாது. அன்றைக்கு நான் தேடிய அமைதி இன்றைக்கு வீடு முழுக்கக் கிடக்கிறது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் காலி கேபினெட்டை மட்டும் பழைய இரும்புக்குப் போடவில்லை.

அமாவாசைக்கு அமாவாசை, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு அதன் மேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். ஒன்றும் கேட்பதில்லை.

"கேக்குதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மத்தியானம் அம்மா தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார்.