கரீம் பாய் பாதியில் அணைத்த கணினி

கரீம் பாய் மறைந்த செய்தி, அவரிடம் உதவி கேட்கப் போன் செய்தபோதுதான் எனக்குக் கிடைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள எங்கள் அலுவலகத்தில் அன்று காலை, டெஸ்பாட்ச் பிரிவு தேவகி அம்மாவுக்கு லாகின் ஆகவில்லை. பாய் இன்னும் வந்திருக்கவில்லை. பூந்தமல்லி வீட்டுக்குப் போன் போட்டேன். அவருடைய மைத்துனர் எடுத்தார். "மச்சான் விடிகாலையில மவுத்தாயிட்டாருங்க. நெஞ்சு வலி" என்றார். "கொஞ்சம் அவர்கிட்ட குடுங்க" என்றேன். அப்படித்தான் கேட்டேன்.

அடக்கம் முடிந்தபின் துக்கம் கேட்கப் போனேன். மனைவி இத்தா இருக்கிறார்; கணவர் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டார். மகள் யாஸ்மின்தான் வாசலுக்கு வந்தாள். "மாமா, அத்தா ஆபீஸ்ல நாள் பூரா இன்னா பாத்துகினு இருந்தாருன்னு அம்மா கேக்குது. அதால வர முடியாது. நான் ஒருவாட்டி பாத்துட்டு வந்து சொல்லட்டா?" என்றாள். கட்டாயம் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் கணினிகளை ஒரே சர்வரில் இணைத்தபோது, நாங்கள் இருவரும் ஒன்றாகக் கணினிப் பிரிவுக்கு வந்தோம். யார் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும், பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால், அவரவர் திரை சர்வரிலிருந்து வந்து நிற்கும். அதைத்தான் ப்ரொஃபைல் என்போம். மாலையில் வெளியேறும்போது அது திரும்பிப் போய்ச் சர்வரில் சேர வேண்டும். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். எங்கள் ஆட்களோ கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். ப்ரொஃபைல் பாதியில் கெட்டுவிடும். மறுநாள் காலை வெறும் திரைதான் வரும்.

பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தொலைக்கலாம் என்பேன் நான். அவர் கேட்கமாட்டார். "வாணாம் மச்சான். ஊட்டுக்குள்ள நொழைஞ்சா சாமான்லாம் இடம் மாறிக்கீதுன்னா உனக்கு எப்டி இருக்கும்?" என்பார். கெட்டதை ஓரமாக எடுத்து வைத்து, புதியதை உருவாக்கி, ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைப்பார். சர்வரில் கிடைக்காவிட்டால், அந்த ஆள் முன்பு உட்கார்ந்த கணினிகளில் தேடுவார். அங்கே ஒரு பிரதி தங்கியிருக்கும்.

மாலையில் பஸ் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பார். எல்லாக் கணினியும் முறையாக அணைந்தது என்று நான் கையசைத்தால்தான் ஏறுவார். "பாய், இன்னா கல்யாண ஊர்வலமா? ஏறுய்யா!" என்று டிரைவர் கத்துவார். "இரு அண்ணாத்தே, உன் பஸ்ஸு இன்னா ஏரோப்ளேனா?" என்று இவரும் கத்துவார்.

போன வாரம் யாஸ்மின் வந்தாள். பாஸ்வேர்டை மாற்றி, பாயின் கணினியில் அவர் பெயரில் நுழைந்தேன். ப்ரொஃபைலை ஏற்ற முடியவில்லை என்றது. வெறும் திரை வந்தது. பார்த்தால், கடைசி மாலை அது சர்வருக்குப் போவது பாதியில் நின்றிருந்தது.

அன்று வாயுத் தொல்லை என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக பஸ்ஸில் போய் உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் கேலி செய்தோம். படியில் யாரும் நிற்கவில்லை. தேவகி அம்மாவும் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் காத்திருந்த மனிதரால் தன் திரை போய்ச் சேரும்வரை உட்கார முடியவில்லை என்றால், எப்படி வலித்திருக்கும்? ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அந்தப் பெண்ணின் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

"இன்னா மாமா, ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டாள் யாஸ்மின்.

அவர் செய்வதைப் போலவே தேடினேன். பிறருடைய பழுதைப் பார்க்க அவர் தன் பெயரில் நுழையாத கணினி அங்கே இல்லை. தேவகி அம்மாவின் கணினியில் முழுப் பிரதி ஒன்று இருந்தது. அதிலேயே திறந்து காட்டினேன். கோப்புகளின் சின்னப் படங்கள் எல்லாம் திரையின் ஓரங்களில் வரிசையாக நின்றன. நடுவில் ஒன்றும் இல்லை.

யாஸ்மின் வெகுநேரம் பார்த்தாள். "ஊட்லயும் இப்டித்தான் மாமா. ரூமு நடுவுல ஒண்ணும் வெக்க வுடமாட்டாரு. தொழுவ எடம் வேணும்பாரு" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட போய்ச் சொல்றேன்" என்றாள்.

பாய், வெளியேறும் கட்டளையைக் கொடுத்தேன். உங்கள் திரை மெல்லச் சர்வருக்குப் போகத் தொடங்கியது. அது முழுதாகப் போய்ச் சேரும்வரை நானும் உங்கள் மகளும் இடத்தை விட்டு எழவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.