தள்ளாமல் கிளம்பிய கார்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மார்கழிக் குளிரில் அப்பாவின் பழைய டீசல் கார் தள்ளினால்தான் கிளம்பியது.
2. லீவில் வந்த நான் அதன் நான்கு குளோ பிளக்குகளையும் சோதித்தேன். மூன்று செத்திருந்தன.
3. நான்கையும் மாற்றினேன்.
4. மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது.
5. அந்த வாரத்துக்குள் அப்பாவுடன் காரில் போக ஆள் இல்லாமல் போயிற்று.

சோதிப்பதும் மாற்றுவதும் நான் டிப்ளமோவில் படித்தவை, பெங்களூர் ஒர்க்‌ஷாப்பில் தினமும் செய்பவை. ஐந்தாவதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், மைசூர் மைன்ஸ் பக்கத்து ஷாஃப்ட் ஒன்றில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். ஆட்கள் நிற்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டைச் சுரங்கத்துக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் கையில் இருந்த லீவரால்தான். ஆட்குறைப்பு வந்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். வந்த பணத்தில் முதலில் வாங்கியது இந்தக் காரை. எதற்குக் கார் என்று அம்மா சத்தம் போட்டாள். "ஒரு லீவராவது கையில இருக்கட்டுமே" என்றார்.

எதிர்வீட்டு அண்ணனும் கோடி வீட்டு அண்ணனும் அதே ஷாஃப்டில் கீழே வேலை பார்த்தவர்கள். அப்பாவுக்குப் பிறகு அவர்களும் வெளியே வந்து, ஊரின் மறுகோடியில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். கம்பெனி பஸ்ஸில் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் இடம். அதனால் காலை ஷிப்டுக்கு அப்பா அவர்களைக் கொண்டுபோய் விடுவார். பூதிகோட்டையிலிருந்து மார்க்கெட்டுக்கு வரும் காய்கறி வாங்கத்தான் போவதாகச் சொல்லிக்கொள்வார். எங்கள் லைன் வீட்டு வாசலுக்கே காய்கறி வண்டி வரும். அதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

காலையில் தெருவே காரைத் தள்ளும் சத்தத்தில்தான் எழுந்திருக்கும்.

"மாமா, இன்னிக்காவது வண்டி நம்மள இஸ்துனு போவுமா, இல்ல நாமளே அத தோள்ல தூக்கினு போயிடலாமா?" இது எதிர்வீட்டு அண்ணன்.

"வாய மூடினு தள்றா. நேத்து அவ்ளோ களி துன்னியே, அதெல்லாம் எங்க போச்சு?"

"களிக்கு இந்தத் தள்ளு போதும். கறி போட்டீங்கன்னா பங்காருபேட்ட வரைக்கும் தள்ளுவேன்."

இருவரும் சரிவில் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அப்பா செகண்ட் கியரில் கிளட்சை விடுவார். கார் இருமி, வெள்ளைப் புகையைக் கக்கி, குழாயடி பக்கத்தில் உயிர் பிடிக்கும். இருவரும் ஓடிப்போய் ஏறுவார்கள். கடைசியாக ஏறுபவர் கூரையில் மூன்று தட்டு தட்ட வேண்டும். ஷாஃப்டில் மூன்று மணி அடித்தால் கேஜில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியில் இருவரும் நன்றாகத் தெரிந்தாலும் மூன்று தட்டு விழாமல் அப்பா காரை நகர்த்தமாட்டார்.

அந்தப் பொங்கல் லீவில் மூன்று காலை இதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். என் கண்ணில் பட்டது புகையும், குளிரில் மூச்சு வாங்கும் இரண்டு பேரும், ஒரு பழுதும். யாரும் என்னிடம் காரைப் பார்க்கச் சொல்லவில்லை.

"வுடும்மா, தள்னா கெளம்புது இல்ல?" என்றார் அப்பா.

"தள்றது ரிப்பேர் இல்லபா."

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். குளிர்ந்த இன்ஜினில் அந்தச் சூடு போதாது. அதற்காக ஒவ்வொரு சிலிண்டருக்கும் பென்சில் மாதிரி ஒரு சூடேற்றி இருக்கும். அதுதான் குளோ பிளக். அன்று மத்தியானம் பானெட்டைத் திறந்து, சாவியைச் சூடேற்றும் நிலையில் வைக்க அப்பாவிடம் சொன்னேன். பிளக்குகளை இணைக்கும் பட்டைக்கு மின்சாரம் சரியாக வந்தது. அப்படியென்றால் கோளாறு பிளக்கில். பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்ப் எடுத்து ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தேன். முதலாவதில் எரியவில்லை. இரண்டாவதில் எரிந்தது. மூன்றாவது, நான்காவது இரண்டிலும் இல்லை.

"மூணு பேரு லீவு, ஒருத்தன் மட்டும் ட்யூட்டி" என்றார் அப்பா. "பாவம், அவன் ஒண்டியா இன்னா பண்ணுவான்?"

நன்றாக இருந்த ஒன்றையும் சேர்த்தே மாற்றுவது எங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம். ஆண்டர்சன்பேட்டை கடையில் நான்கு வாங்கி வந்தேன். வெயில் நேரமாதலால் கார் தானாகவே கிளம்பியது. இன்ஜினைச் சூடாக்கிவிட்டுக் கழற்றினேன். குளிர்ந்த இன்ஜினில் முறுக்கினால் பிளக் உள்ளேயே முறிந்துவிடும். நான்காவது கரி பிடித்து நகர மறுத்தது. எண்ணெய் விட்டு, காத்திருந்து, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுத்தேன். புதியதைப் பொருத்துமுன் ஒன்றை இடுக்கியில் பிடித்து பேட்டரியில் கொடுத்துக் காட்டினேன். நுனி செக்கச்செவேல் என்று ஆயிற்று.

"கொள்ளிக்கட்ட மாதிரி கீதே!" அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷம் உண்மையானது. அதை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

மறுநாள் விடிகாலை, டாஷ்போர்டில் சூடேறும் விளக்கு அணைந்ததும் அப்பா சாவியைத் திருப்பினார். ஒரே சுற்று. புகைகூட அதிகம் இல்லை. அண்ணன்மார் இருவரும் தலையில் மப்ளர் சுற்றியபடி வந்தார்கள். கார் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டு அண்ணன் கைகளை முன்னால் நீட்டி, காற்றைத் தள்ளுவதுபோல் காட்டினார்.

"இன்னாமா இது? மைன்ஸ்லதான் அனுப்பிட்டாங்கன்னா, நீயும் எங்க வேலைய காலி பண்ணிட்டியே!"

எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். இருவரும் ஏறினார்கள். மூன்று தட்டு விழுந்தது. மெதுவாக விழுந்ததாக இப்போது தோன்றுகிறது.

அதற்கடுத்த நாள் கோடி வீட்டு அண்ணன் வரவில்லை. அடுத்த நாள் இருவருமே அப்பா எழுமுன் நடந்து போய்விட்டார்கள். சாயங்காலம் குழாயடியில் எதிர்வீட்டு அண்ணனைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏண்ணா வரல? அப்பா நின்னுனு இருந்தாரு."

"தள்னோம், ஏறினோம். அது சரி. இப்போ இன்னாத்துக்கும்மா ஏறறது? நாங்க பின்னாடி ஒக்காந்துனு, அவரு ஓட்டினு... எங்க உசிர கையில வெச்சி இறக்கின மனுஷன். அவர டிரைவர் ஆக்கறதா?"

"அவரு அப்படி நெனைக்க மாட்டாருண்ணா."

"நாங்க நெனைப்போம் இல்ல?" குடத்தைத் தூக்கிக்கொண்டார்.

அப்பாவையே போய்க் கூப்பிடச் சொன்னேன். மாட்டேன் என்றார். "நானா போயி கூப்டா, டாக்சி விட ஆரம்பிச்சிட்டான்னு ஊரு சொல்லும். அவங்களும் காசு குடுக்க பாக்கெட்ட தொடுவாங்க. வேணாம்."

அதன்பின் சில நாள் அவர் தனியாகவே போனார். ஒரு நாள் வாசலிலிருந்து பார்த்தேன். காரை ஓடவிட்டு, கியர் போட்டு, நகராமல் உட்கார்ந்திருந்தார். எதற்கென்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பினார். காய்கறி வாங்காமல் திரும்பினார்.

அடுத்த லீவில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். "அந்தப் பட்டைய கழட்டி வெச்சிடட்டுமாபா? பழையபடி ஆயிடும்."

அப்பா குரலில் கோபம் இல்லை.

"நல்லா ஓடற இன்ஜின கெடுக்கச் சொல்றியா? படிச்சவ பேசற பேச்சா இது? அதுவுமில்லாம, அவங்களுக்குத் தெரியாதா? பொய்யா தள்ள சொன்னா, பொய்யாத்தான் ஏறுவாங்க."

பிளக் மாற்றிய வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். மறுபடி செய்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் பானெட்டைத் திறக்குமுன் அந்தக் கார் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்டிருக்கலாம். நோயாளியைப் பார்க்கிற டாக்டர்கூட, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பார்.

இந்த வருடம் மைன்ஸை மூடிவிட்டார்கள். எதிர்வீட்டு அண்ணன் குடும்பத்தோடு பெங்களூர் போய்விட்டார். வழியில் பார்த்தால் இப்போதும் என்னைக் கிண்டல் செய்கிறார், அப்பாவை விசாரிக்கிறார். கோடி வீட்டு அண்ணன் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். கார் எங்கள் வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைக்கிறார். போன தடவை வந்தபோது பட்டையைக் கழற்றிச் சோதித்தேன். நான்கு பிளக்கிலும் விளக்கு எரிந்தது.