இடப்பக்கமாகச் சுற்றிய டேப்

அறையில் கல்லூரி அதிபர் இருந்தார். ஜன்னல் பக்கக் கதிரையில் எங்கள் மிஸ் இருந்தார். எழுதுவதற்கு ஒரு கொப்பியோடு ஒபிஸ் கிளார்க் இருந்தார். என்னோடு படித்த கலேவெலை ஊர்த் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். மேசையில் முப்பது மாங்கன்றுகள் பையோடு இருந்தன. அவற்றையும் ஆட்களோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்களைக் காட்டிக் கொடுத்ததே அவைதான்.

இது மாத்தளையில் ஒரு தொழிற்கல்லூரியில் நடந்தது. ஆறு மாத நாற்றுமேடைக் கோர்ஸ். தமிழில் படித்தவர்கள் பதினொரு பேர். எல்லாரிலும் வயதில் மூத்தவள் நான்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். கல்யாணம் முடித்து டவுனுக்கு வந்த பிறகு ஒரு நர்சரியில் நாள் சம்பளம். எட்டு வருஷம் பையில் மண் நிரப்பினேன். நிரப்பிக்கொண்டே பக்கத்தில் ஒட்டுக் கட்டுகிறவர்களின் கையைப் பார்த்தேன். ஒருநாள் ஆள் குறைவாக இருந்தது. நானும் உட்கார்ந்து கட்டினேன். பிழைத்தது.

ஒட்டு என்பது பெரிய வித்தை இல்லை. கொட்டையில் முளைத்த கன்றின் தலையை வெட்ட வேண்டும். தண்டைப் பிளக்க வேண்டும். நல்ல மரத்துக் கிளையை ஆப்பு மாதிரிச் சீவி அதில் செருக வேண்டும். பொலித்தீன் டேப்பால் இறுக்கிச் சுற்றி, மேலே ஐஸ் பக்கற்றின் நீளப் பொலித்தீன் உறையை மாட்டிக் கட்ட வேண்டும். மூன்று நாலு கிழமையில் துளிர் வந்தால் பிழைத்தது. கிளை கறுத்தால் செத்தது. அவ்வளவுதான்.

முதலாளி ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"சான்றிதழ் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஒட்டுக் கொட்டகைய நிரந்தரமா உங்க பொறுப்புல தர்றேன். இல்லாட்டி மண்ணுதான்."

அவர் கெட்டவர் இல்லை. அவரிடமும் யாரோ காகிதம் கேட்கிறார்கள். அதனால் சேர்ந்தேன். எனக்கு மண்ணை விட்டு எழும்ப வேண்டும். வேறு ஆசை இல்லை.

கோர்ஸில் இரண்டு பக்கம். ஒன்று கை வேலை. ஆளுக்குப் பதினைந்து கன்று ஒட்ட வேண்டும். குறைந்தது ஒன்பது பிழைக்க வேண்டும். மற்றது எழுத்து. பரீட்சை ஒன்று, தினமும் எழுதுகிற பதிவுப் புத்தகம் ஒன்று. இரண்டும் சேர்த்து நூற்றுக்கு நாற்பது எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் விழுந்தாலும் காகிதம் இல்லை.

முதல் கிழமையே எனக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. கை வேலையில் நான் விழ மாட்டேன். எழுத்தில் எழும்ப மாட்டேன்.

கலேவெலைத் தங்கச்சி நேர்மாறு. ஏ.எல். பரீட்சை வரைக்கும் எழுதினவள். கையெழுத்து அச்சு மாதிரி. வாய் அதைவிட வேகம். ஆனால் கத்தியைப் பிடித்தால் கிளைக்குப் பதிலாக விரலைச் சீவுவாள். மூன்றாம் கிழமை இரண்டு கையிலுமாக நாலு பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள்.

"உன் விரல்லயே ஒட்டுக் கட்டிட்ட போல" என்றேன்.

"சிரிக்க வேணாம் அக்கா. எனக்கு ஏலாது. இதுல பெயில்னா வாப்பா வீட்டோட இருன்னு சொல்லிடுவாரு."

"எனக்கு மண்ணு."

"என்னக்கா மண்ணு?"

சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பிளாஸ்டரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எனக்குக் கட்டித் தாங்க. நான் உங்களுக்கு எழுதித் தாரேன்."

அடுத்த நாள் மத்தியானம் எல்லாரும் சோற்றுக்குப் போனார்கள். நான் நிழல் வலைக்குள் இருந்துவிட்டேன். அவளுடைய பதினைந்து கன்றையும் கட்டி முடித்துவிட்டுக் கை கழுவினேன். சோறு மிச்சம் இருந்தது.

முன்யோசனையோடுதான் செய்தோம். அவளுடைய கத்தியைத்தான் பாவித்தேன். பெயர்த் தகட்டில் அவளே எழுதினாள். என் புத்தகத்தை அவள் சாய்வான எழுத்தில் எழுதினாள், தன் எழுத்து மாதிரித் தெரியக் கூடாதென்று. பரீட்சைக்கு அவள் எனக்காக எழுத முடியாதுதான். புத்தகத்துக்குப் போடுகிற புள்ளியைப் பிடித்துக்கொண்டு அதில் தப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. என் கையை.

நான் இடது கைக்காரி. தோட்டத்தில் அதை ஒருவரும் கேட்டதில்லை. கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். நர்சரியிலும் கேட்டதில்லை. கன்று பிழைத்தால் போதும். மற்றவர்கள் டேப்பை வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். நான் இடப்பக்கமாகச் சுற்றுவேன். எனக்கு அது ஒரு வித்தியாசமாகவே தெரிந்ததில்லை.

ஆறு கிழமை கழித்து மிஸ் டேப் பிரிக்க வந்தார். ஒவ்வொருவருடைய வரிசையாகப் பிரித்துக்கொண்டே வந்தார். ஆளுக்குப் பதினைந்து, பதினொரு பேர். பிரித்துப் பிரித்து அவருடைய விரலுக்கு ஒரு போக்கு வந்துவிட்டது. என் வரிசைக்கு வந்ததும் விரல் தடுக்கியது. டேப் பிரியாமல் இறுகியது.

"நீங்க இடது கையா?" என்று கேட்டார்.

"ஆமா மிஸ்."

சிரித்துவிட்டுத் திருப்பிப் பிரித்தார். என் பதினைந்தும் பிழைத்திருந்தன. "கெட்டிக்காரி" என்றார். பிறகு இன்னும் மூன்று பேருடைய கன்றுகளைப் பிரித்தார். அதற்குப் பிறகு தங்கச்சியின் வரிசை. முதல் கன்றிலேயே விரல் மறுபடி தடுக்கியது. இரண்டாவதைப் பிடித்தார். மூன்றாவதையும் பிடித்துப் பார்த்தார். பிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தங்கச்சியின் கத்தித் தழும்பு விழுந்த விரலைப் பார்த்தார்.

"பதினைஞ்சும் பிழைச்சிருக்கே" என்றார்.

அதுதான் இரண்டாவது பிழை. இரண்டு மூன்றைச் சாக விட்டிருக்கலாம். தெரிந்தே பிழையாகச் சீவ எனக்குக் கை வரவில்லை.

அப்படித்தான் கன்றுகளும் நாங்களும் அதிபரின் அறைக்குப் போனோம்.

அதிபர் சிங்களத்தில்தான் பேசினார். எங்களுக்கு விளங்கும். முதலில் தங்கச்சியைக் கேட்டார். அவளுக்கு வாய் சும்மா இருக்காதே.

"எனக்கும் இடது கைதான் சேர்."

அதிபர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு டேப் துண்டை எடுத்தார். தன்னுடைய பேனையை நீட்டினார். சுற்றிக் காட்டு என்றார்.

தங்கச்சி பேனையை வலது கையில் பிடித்தாள். டேப்பை இடது கையில் எடுத்தாள். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் டேப் விரலோடு ஒட்டிக்கொண்டது. உதறினாள். பேனை பறந்துபோய்க் கிளார்க்கின் கதிரைக்குக் கீழே உருண்டது.

கிளார்க் தமிழ் ஆள். குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"நல்லவேளை, கத்தி குடுக்கல" என்றார்.

மிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சிரிப்பை அடக்கத்தான்.

நான் சொன்னேன். "நான்தான் சேர் கட்டுனேன்."

அதிபர் என் பக்கம் திரும்பினார். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கிளார்க் பேனையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். காசு என்று அவர் கொப்பியில் எழுதினால் அது நாளைக்கு என் முதலாளியின் காதுக்குப் போகும். காசுக்கு ஒட்டுக் கட்டிக் கொடுத்தவள் என்று.

வாங்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். நம்ப மாட்டார்கள். சும்மா ஒருத்திக்குப் பதினைந்து கன்று யார் கட்டுவார்கள்? புத்தகத்தைப் பற்றி அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. என் கன்று பதினைந்தும் என் கையால் கட்டியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு திட்டோடு என் காகிதம் வந்தாலும் வரும். தங்கச்சி தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. அவள் எனக்காகத்தான் ஆட்டினாள்.

"காசு வாங்கல சேர். எனக்குப் பதிவுப் புத்தகம் எழுதித் தந்துச்சு."

"அக்கா!" என்றாள் தங்கச்சி.

மிஸ் எழும்பிப் போய் என் புத்தகத்தை எடுத்து வந்தார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"இதை வாசிங்க."

வாசித்தேன். "ஒட்டுக் கிளையின் இலைகளை அகற்றுவதால்" என்ற இடம் வரைக்கும் போனேன். அடுத்த சொல் 'ஆவியுயிர்ப்பு'. அதை இரண்டு தரம் தொடங்கினேன். மூன்றாம் தரம் தொடங்கவில்லை.

"போதும்" என்றார் மிஸ். மெதுவாகத்தான் சொன்னார்.

கிளார்க் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"போயா லீவு அன்னைக்கு வாசல் கேட்டுக்குப் பூட்டு. இங்க 'காலையில் தண்ணீர் ஊற்றினேன்'னு இருக்கு. மதில் ஏறிக் குதிச்சா ஊத்துனீங்க?"

"நான் ஊத்தல. புத்தகம் ஊத்திருச்சு" என்றேன்.

இந்த முறை மிஸ் சிரிப்பை அடக்கவில்லை. "ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேர்த்தா ஒரு நல்ல மாணவி சேர்" என்றார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சான்றிதழ் குடுத்துடலாமா?" என்றார் கிளார்க்.

அதிபர் மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் ஊரில் போய்க் கன்று விற்கிறபோது வாங்குகிறவன் இந்தக் கல்லூரியின் காகிதத்தைத்தான் நம்புவான் என்றார். ஏழு வருஷம் கழித்து அந்த மரம் காய்க்காவிட்டால் அவன் யாரைப் போய்ப் பிடிப்பான் என்று கேட்டார்.

பெறுபேறு இரண்டு பேருக்கும் இரத்து. விலக்க வேண்டும் என்றுதான் அவர் முதலில் சொன்னார். மிஸ் எங்களுக்காகக் கொஞ்ச நேரம் பேசினார். கடைசியில், அடுத்த குழுவோடு முதலிலிருந்து படிக்கலாம், ஒரே மேசையில் இருக்கக் கூடாது, மறுபடி பிடிபட்டால் வாசல்தான் என்று முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம்.

"ஏன் அக்கா சொன்னீங்க?" தங்கச்சி அழுதாள்.

"காசுன்னு எழுதியிருப்பாங்க."

"எழுதினா எழுதட்டுமே."

"உனக்கு லேசு. வா, பஸ் போயிரும்."

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ காப்பியடிச்சியா? ஒனக்கு எழுதவே வராதே."

"அதாலதான்."

அவர் அரை மணி நேரம் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "படிக்கப் போய் இதையா படிச்சீங்க?" என்றார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒட்டுக் கொட்டகைக்கு வேறு ஆளைப் போட்டார். நான் இன்னும் ஆறு மாதம் மண் நிரப்பினேன். புது ஆள் கட்டியதில் பாதி கறுத்தது.

இரண்டாவது தரம் மிஸ் என்னை முதல் மேசையிலும் தங்கச்சியைக் கடைசி மேசையிலும் இருத்தினார். வகுப்பு முடிந்து பஸ் நிலையத்தில் ஒன்றாக நின்று வடை தின்போம். பாடத்தைத் தவிர எல்லாம் பேசுவோம். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை, என் வீட்டுக்காரரின் குறட்டை. பாடத்துக்கு வாய் போனால் இரண்டு பேரும் நிறுத்திவிடுவோம். பயம்தான்.

அவளுடைய பதினைந்தில் பத்துப் பிழைத்தது. எல்லாம் வலப்பக்கச் சுற்று. ஒவ்வொன்றும் புண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரித் தடிப்பாக இருந்தது. பிழைத்தது பிழைத்ததுதான்.

நான் புத்தகத்தை என் கையாலேயே எழுதினேன். தினமும் ஒரு வரி. சில நாள் அரை வரி. 'தண்ணீர் ஊற்றினேன்.' 'எறும்பு.' 'மழை, ஊற்றவில்லை.' 'இன்றைக்குப் போயா, வரவில்லை.' மிஸ் ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் 'இன்னும் எழுதலாம்' என்று போட்டிருந்தார். எழுதுவதற்கு வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. ஒட்டுக் கிளையின் இலையை ஏன் எடுக்கிறோம்? பெரிய சொல் ஞாபகத்துக்கு வரவில்லை. 'இலை இருந்தால் கிளையில் உள்ள தண்ணீரைக் குடித்து முடித்துவிடும். கிளைக்கு இன்னும் வேர் இல்லை. செத்துப் போகும்' என்று எழுதினேன். தெரியாத நாலு கேள்வியை அப்படியே வெறுமையாக விட்டேன். பக்கத்தில் இருந்த பையனின் தாள் நன்றாகத் தெரிந்தது. நான் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். மேற்பார்வைக்கு வந்தவர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

"வெயில் அடிக்குது சேர்" என்றேன். அன்றைக்கு வெயிலே இல்லை.

சில கிழமை கழித்து வட்ஸ்அப்பில் மிஸ் செய்தி போட்டார். பெறுபேறு பலகையில் இருக்கிறது என்று. நான் நர்சரியில் பாதி நாள் கேட்டுக்கொண்டு போனேன். கையில் மண் அப்படியே இருந்தது. பலகைக்கு முன்னால் கூட்டம். தங்கச்சி ஏற்கனவே வந்து தன்னுடையதைப் பார்த்துவிட்டாள். பாஸ். என்னுடையதையும் பார்த்திருக்கிறாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"என்ன?" என்றேன்.

"நீங்களே பாருங்க. நான் சொன்னா அதுவும் காப்பி."

பெயரில் தேடவில்லை, என் இலக்கத்தைத் தேடினேன். கீழிருந்து மூன்றாவது. கை வேலைக்கு நேரே பதினைந்து. அதற்கு அடுத்த கட்டம் எழுத்து, நாற்பது வேண்டும். விரலை வைத்துப் பார்த்தேன்.

நாற்பத்து மூன்று.