கூண்டுக்குக் கீழே குழாய்

எங்கள் வார்டு கவுன்சிலர் பொய் சொல்கிறார். "தண்ணியைப் பத்தி ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலை" என்று ஒரு யூடியூப் சேனல்காரர் நீட்டிய மைக்கில் சொன்னார். நான் சொன்னேன். வார்டு வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். அவர் பதிலும் போட்டார். அந்தப் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது.

நான் திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறேன். எழுத்து எனக்குத் தொழில் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கோடை தொடங்கியபோது எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் நாற ஆரம்பித்தது. திறந்தவுடன் வரும் முதல் இரண்டு குடம் பழுப்பாக இருக்கும். பிறகு தெளிந்துவிடும், ஆனால் நாற்றம் போகாது. தண்ணீர் திறந்து விடுகிறவரைத் தெருமுனை வால்வு குழியில் பிடித்துக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"பைப்பு சாக்கடைக்குள்ளதாண்ணா போவுது. எங்கியோ வெடிப்பு விட்டுருக்குது. தண்ணி நின்னதும் சாக்கடைய உள்ள இழுத்துக்குது. தோண்டிப் பாக்கணும்னா மேல சொல்லணும்."

மேலே சொன்னேன். ஒரு பாட்டிலில் பிடித்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கவுன்சிலர் கைகூப்பும் படம் போட்டு, அதற்குக் கீழே எழுதினார்: "பௌர்ணமி முடியட்டும், பார்க்கலாம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் எந்த வேலையும் பௌர்ணமி முடிந்துதான். தெருவிளக்கு, குப்பை, பட்டா, கல்யாணப் பேச்சு, எல்லாம் அப்படித்தான். மாதத்தில் மூன்று நாள் ஊர் முழுக்கக் கிரிவலப் பாதையைப் பார்த்து நிற்கும். வண்டிகளோடு ஆட்களும் அங்கே போய்விடுவார்கள். அது முடிந்த களைப்பு தீர ஒரு வாரம். அதற்குள் அடுத்த பௌர்ணமிக்குக் கூட்டம் போட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் இந்த ஊர்க்காரன்தான். அந்தப் பதிலைப் படித்துவிட்டு, சரி, நியாயம்தானே என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிரிவலத்துக்குப் போனேன். பௌர்ணமியில் ஓட்டாத ஆட்டோக்காரன் மற்ற நாளில் ஓட்டி என்ன பிரயோசனம்?

என் மகள் அப்போது வீட்டில் இருந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் கட்டிக்கொடுத்த பெண். வளைகாப்பு முடித்து, முதல் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்கினோம். ஆனால் பௌர்ணமி வந்தால் கேன் வண்டி எங்கள் தெருவுக்கு வராது. எல்லாக் கேனும் கிரிவலப் பாதைக் கடைகளுக்குப் போய்விடும். அந்த மூன்று நாளும் என் மனைவி குழாய்த் தண்ணீரைத்தான் வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். அந்த மூன்று நாளும் நான் பாதையில் அன்னதானப் பந்தலில் கேன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுத வேண்டும்.

பௌர்ணமி முடிந்த மறுநாள் சிறுத்தை வந்தது.

வந்தது வீடியோ மட்டும்தான். ஒரு பாறை, ஒரு புதர், மஞ்சளாக ஒன்று தாண்டி ஓடுகிறது. "நம்ம மலையில் சிறுத்தை, உஷார்" என்று கீழே எழுதியிருந்தது. காலையில் எங்கள் குழுவில் வந்தது. மத்தியானத்துக்குள் ஊரில் வேறு பேச்சு இல்லை. என் போனுக்கு மட்டும் ஒன்பது பேரிடமிருந்து வந்தது. நானும் நாலு குழுக்களுக்கு அனுப்பினேன்.

ஸ்டாண்டில் பேச்சு இப்படி இருந்தது.

"வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் பாத்தாங்களாம்பா."

"கலெக்டர்கிட்ட மனு குடுக்க வந்துருக்கும்."

"திங்கக்கிழமைதான மனு வாங்குவாங்க. அதுக்கு யாரு சொல்றது?"

"சிரிக்காத. எங்க மச்சான் கண்ணால பாத்திருக்கான்."

"உங்க மச்சான் போன தடவ மலையில யானை பாத்தவன்தான?"

சிரித்தோம். ஆனால் இருட்டும் முன் வீட்டுக்குப் போனோம். சவாரிக்கு வருகிறவர்களும் "சிறுத்த வந்த எடத்துக்குப் போப்பா" என்றார்கள். எந்த இடம் என்று எனக்கும் தெரியாது. ஒரு பெரிய பாறையைப் பார்த்து வைத்துக்கொண்டு அங்கேயே எல்லாரையும் இறக்கி விட்டேன். அவர்கள் அந்தப் பாறையைப் படம் எடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் நாள் அது சிறுத்தைப் பாறை ஆகிவிட்டது. மூன்றாம் நாள் அந்தப் பாறையைக் கடக்கும்போது நானே வண்டியை விரட்டினேன். அதை அந்த இடம் ஆக்கியவனே நான்தான். அப்படி இருந்தும் பயந்தேன். ஊரே பார்க்கிற பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. தண்ணீர் நாற்றம் எனக்கு மறந்துபோயிற்று. நின்றுவிடவில்லை, மறந்துபோயிற்று. ஒரு நாள் என் மனைவி டம்ளரை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

"ஒண்ணும் தெரியலியே."

"தெரியலியா? சளி கிளி புடிச்சிக்கினு இருக்கா உங்களுக்கு? பக்கத்து வீட்டம்மாகிட்ட கேட்டா, எங்களுக்கு நாறலியேங்குது. எனக்கு மட்டும்தான் நாறுதா? எனக்கென்ன பைத்தியமா?"

பக்கத்து வீட்டம்மாவுக்கும் நாறியிருக்கும். ஆனால் அவர் அன்று மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவே மாடியில்தான் நின்றது. நாலு பேர் வாயில் வராத நாற்றத்தை மூக்கு தானாகவே தள்ளுபடி செய்துவிடுகிறது. நான் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. என் மூக்கிலேயே பார்த்தேன்.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் மஞ்சள் காமாலை. எதிர்வீட்டுக்காரருக்கு உடம்பு சூடு என்றார்கள். லீவுக்கு வந்திருந்த கடைசி வீட்டுப் பையனுக்கு ஹாஸ்டல் சாப்பாடு என்றார்கள். மூலை வீட்டுக்காரர் குடிப்பவர், அதனால் காரணம் தேடவே இல்லை. மூவரும் ஒரே வைத்தியரிடம் கீழாநெல்லி வாங்கிக் குடித்தார்கள். மூவரும் ஒரே குழாய்த் தண்ணீரைக் குடிப்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஊரில் இல்லாத சிறுத்தை எந்தெந்த நாள் எந்தெந்த இடத்தில் தெரிந்தது என்று மட்டும் எல்லாருக்கும் வரிசையாகத் தெரியும்.

மனைவி விடவில்லை. மறுபடி பாட்டிலில் பிடித்துப் படம் போட்டேன். கால் மணி நேரத்தில் படத்தைக் காணோம். குழுவை நடத்துகிறவர் கவுன்சிலரின் ஆள். "அவசர நேரம். சிறுத்தை தொடர்பான பதிவு மட்டும் போடவும்" என்று எழுதினார். நாற்பது பேர் கட்டைவிரல் போட்டார்கள். அதில் எதிர்வீட்டுக்காரரும் ஒருவர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்போது செய்ததுதான் என் தப்பு. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

"எங்கள் தெருமுனை வால்வு குழியில் சிறுத்தை தண்ணீர் குடித்தது. விடியற்காலை நேரில் பார்த்தேன்" என்று எழுதிப் போட்டேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வனத்துறை ஜீப் வந்தது. போலீஸ் வந்தது. மைக்கோடு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு மாதமாகத் தெருவுக்குள் வராத கவுன்சிலர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். சாக்கடை கலந்து ஊறிக் கிடந்த அந்தத் தண்ணீரில் எல்லாரும் நின்றுகொண்டு காலடித் தடம் தேடினார்கள். இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். இங்கே நின்றால் காலில் படும், மூக்கில் ஏறும், கேட்பார்கள் என்று நினைத்தேன்.

"சார், இந்தத் தண்ணி..." என்று கவுன்சிலரிடம் ஆரம்பித்தேன்.

"ஆமா, இந்தத் தண்ணிக்குத்தான் வருது" என்று அவர் மைக்கைப் பார்த்துச் சொன்னார். "கோடைல்ல, மலையில தண்ணி கம்மி. அதான் கீழ எறங்குது."

சேற்றில் ஒரு தடம் இருந்தது. எங்கள் தெரு நாயுடையது. வந்திருந்த வனக்காவலர் குனிந்து பார்த்து, "நாய்தான்னு நெனைக்கிறேன்" என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. கூட்டம் ஜாஸ்தி ஆகிவிட்டது, ஏதாவது செய்யாமல் அனுப்ப முடியாது. சாயங்காலம் ஒரு கூண்டு கொண்டுவந்து வைத்தார்கள். சிறுத்தை தண்ணீர் குடித்த இடம் அதுதானே? சரியாக வால்வு குழிமேலேயே வைத்தார்கள். உள்ளே ஓர் ஆட்டைக் கட்டினார்கள். சுற்றிக் கயிறு கட்டி, தொடக்கூடாது என்று எழுதி வைத்தார்கள்.

தண்ணீர் திறந்து விடுகிறவர் என்னைத் தேடி ஸ்டாண்டுக்கு வந்தார்.

"இன்னாண்ணா பண்ணி வச்சிருக்கீங்க? நேத்துதான் எஞ்சினியர் தோண்டச் சொன்னாரு. இப்ப கூண்டு எடுத்தாத்தான் தோண்ட முடியும். கூண்ட எடுக்கணும்னா சிறுத்த மாட்டணும்."

"சிறுத்தயே இல்லப்பா."

"அத நீங்க போயி அவங்ககிட்ட சொல்லுங்க."

நான் போய்ச் சொல்லவில்லை. பொய் சொன்னதற்கு வழக்கு போடுவார்கள் என்று பயம். பத்து நாள் கூண்டு இருந்தது. ஆடு பெருத்தது. தெருக்காரர்கள் அதற்கு வாழைப்பழத் தோல் போட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பைப்பு கூண்டுக்குக் கீழே அப்படியே ஒழுகிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் காலையில் மகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். கண் இரண்டும் மஞ்சள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்பது. ஒரு மாதத்தில் எங்களிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவர். கிருமி போன வாரம் வந்தது இல்லை, சில வாரம் முன்னாலேயே உள்ளே போயிருக்கும் என்றார். கர்ப்பிணிக்கு இந்தக் காமாலை ஆபத்து என்றார். நான் நாள் எண்ணிப் பார்த்தேன். கேன் வண்டி வராத அந்த மூன்று நாளில் போய் நின்றது.

மகள் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாலாம் நாள் மாதம் நிறையாமலே பிரசவமாயிற்று. பெண் குழந்தை. ஒரு நாள்தான் இருந்தது. மகள் பிழைத்துக்கொண்டாள். இப்போது மாமியார் வீட்டில் இருக்கிறாள். போனில் பேசினால், "சாப்டியாப்பா?" என்று மட்டும் கேட்கிறாள்.

அதற்குள் அந்த வீடியோ வேறு மாநிலத்தில் எடுத்தது என்று வனத்துறை சொல்லிவிட்டது. கூண்டை எடுத்துக்கொண்டு போனார்கள். தோண்டிப் பார்த்தபோது உடைந்த இடம் கை நுழையும் அளவு இருந்தது. ரப்பர் டியூப் சுற்றி மூடினார்கள். குழந்தை விஷயம் வெளியே வந்த பிறகு மைக் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை தண்ணீருக்காக. இரண்டு நாள் ஊர் முழுக்கக் குழாய்ப் பேச்சுதான். சிறுத்தைக்குக் கட்டைவிரல் போட்ட நாற்பது பேரும் கண்ணீர்ப் படம் போட்டார்கள். அப்போதுதான் கவுன்சிலர், தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். மூன்றாம் நாள் வேறு ஒரு வீடியோ வந்தது. எல்லாரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நான் சொன்ன பொய்க்கு வனத்துறை அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன செய்கிறார்களோ செய்யட்டும். அந்தக் கூண்டு இருந்த பத்து நாளில் இந்தத் தெருவில் யார் யார் உடம்புக்குள் என்ன போயிற்றோ, அது என் கணக்கில்தான் வரும். அதற்கு நான் தெருவில் நின்று பதில் சொல்கிறேன்.

கவுன்சிலரே, நீங்களும் நில்லுங்கள். டியூப் சுற்றியது ஓர் இடத்தில்தான். அந்த லைன் அதே சாக்கடைக்குள்ளேயே இன்னும் இரண்டு தெருவுக்குப் போகிறது. பக்கத்துத் தெருவில் இப்போது இரண்டு பெண்கள் பிரசவத்துக்கு வந்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், மைக்கிலும் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் விடும் நேரத்துக்கு, எல்லாரும் குடத்தோடு நிற்கும்போது அந்தத் தெருவுக்கு வாருங்கள். அந்த இரண்டு பெண்களும் கேட்க, இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா, பைப்பை மாற்றுவீர்களா மாட்டீர்களா என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.