சேற்றில் இறங்காத உபதேசியார்

பனிச்சங்கேணித் துறையைக் கடக்கும்போது எங்கள் தோணி வாவி நடுவில் தரைதட்டி நிற்கிறது. தோணிக்காரர் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொல்கிறார். நாங்கள் முழங்கால் அளவு சேற்றில் நின்று தள்ளுகிறோம். வாகரைக்குப் பிரசங்கம் செய்யப் போகும் புளியந்தீவு உபதேசியார் மட்டும் வெள்ளைக் காற்சட்டையோடு பலகையில் அமர்ந்திருக்கிறார்.

“எதிர்பாராத துன்பத்துக்குள்ளேதான் ஆண்டவர் ஆசீர்வாதத்தை வைத்திருக்கிறார்,” என்று எங்களுக்குச் சொல்கிறார்.

என் பக்கத்தில் தள்ளுகிற பெண், காய்ச்சலில் கிடக்கும் கணவனுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போகிறாள். பொட்டலம் நனையாதபடி தலையில் கட்டியிருக்கிறாள். காலில் ஏதோ தட்டுப்பட, குனிந்து ஒரு பெரிய நண்டைப் பிடித்தெடுக்கிறாள்.

“பார்த்தாயா மகள், நான் சொன்னேன்தானே,” என்கிறார் உபதேசியார்.

“ஓம் ஐயா, சேத்துக்குள்ளதான் வெச்சிரிக்கார். நீங்களும் இறங்கிப் பாருங்க.”

அவர் தம் காலில் கிடக்கும் சப்பாத்தைப் பார்க்கிறார். தோணிக்காரர் பணிவாகவே சொல்கிறார்: “மத்த எல்லாரும் இறங்கிட்டாங்க ஐயா. தோணி இன்னும் அசையல்ல.”

உபதேசியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்குகிறார். தோணி உடனே மிதக்கிறது.

கரை சேர்ந்ததும் எங்களை நிறுத்திவைத்துக் கண்களை மூடி, தம்மால் நடந்த அற்புதத்துக்காக நீண்ட ஸ்தோத்திரம் செய்கிறார். ஆமென் சொல்லி அவர் கண்ணைத் திறக்கும்போது, அந்தப் பெண் மருந்தோடு பாதி வழி போய்விட்டாள்.