தம்பி போன நீலக் கோடு: உப்பிலியபுரம் முதல் ஸ்ரீரங்கம் வரை

வழக்கமாக இங்கே அருவி, மலை, எந்த ஊரில் காபி குடிக்கும்படி இருக்கும் என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை ஒரு லோடு வண்டியில் போய்விட்டு வந்திருக்கிறேன். குட்டியானை என்று சொல்வோமே, அந்தச் சின்ன வண்டி. கார்த்திகை கடைசி வாரம், ஒரே நாள், அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

அது என் தம்பி குணாவின் வண்டி. இரவு துறையூரில் ஒரு வாடகை அறையில் படுத்திருந்து, விடியுமுன் உப்பிலியபுரம் பக்கத்துத் தோட்டங்களில் காய்கறி மூட்டைகளை ஏற்றுவான். புலிவலம், மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சி காந்தி மார்க்கெட்டில் இறக்குவான். மதியம் ஸ்ரீரங்கம் வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, மளிகை லோடோடு திரும்பிப் போவான். போன ஆடியில் ஒரு நாள் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஓட்ட ஆளில்லாத வண்டியைப் புரோக்கர் ஒருவர் மூலம் விற்றேன். வாங்குகிறவர் பெயரைக்கூடப் படிக்காமல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

வண்டிக்குள் அவன் மாட்டியிருந்த ஜிபிஎஸ் கருவியை மறந்துவிட்டேன். "எங்கடா வர்றே?" என்று அம்மா ஓயாமல் போன் செய்கிறாள் என்று அதன் ஆப்பை அவனே அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்திருந்தான். மேப்பில் ஒரு நீலப் புள்ளி. மேலே 'குணா' என்று பெயர். இரண்டு மாதம் அந்தப் புள்ளி ஒரே இடத்தில் கிடந்தது. ஐப்பசியில் ஒரு காலை நகர ஆரம்பித்தது.

நான் இருப்பது கோவையில். அம்மா போனில், "குணா மார்க்கெட்லேர்ந்து கிளம்பிட்டான்டி, நான் உலை வெக்கப் போறேன்" என்றாள். ஆப்பை என் போனிலும் இறக்கிப் பார்த்தேன். விற்ற வண்டி ஓடத்தான் செய்யும், சரி. ஆனால் அதே தெருக்கள், அதே நிறுத்தங்கள். மதியம் பன்னிரண்டரைக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் கால் மணி நேரம். முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் வாசலில் ஏன் நிற்க வேண்டும்? போதாக்குறைக்கு, தினம் கேட்டில் ஒரு மஞ்சப்பை தொங்குகிறதாம். கத்தரிக்காய், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். "குணாதான் கொண்டாந்து மாட்டிட்டுப் போறான்" என்றாள் அம்மா.

அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவு கட்டினேன். வீட்டைப் பூட்டி அம்மாவைக் கையோடு அழைத்துவர இரண்டு ரயில் டிக்கெட் எடுத்தேன். அதற்கு முன்னால் அந்த வண்டியை ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

திருச்சியில் இறங்கி, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூர் பஸ் பிடித்தேன். ஒன்றேகால் மணி நேரம். துறையூரில் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே லாட்ஜ். கொசுவர்த்தி நாம்தான் கொண்டுபோக வேண்டும். காலை நாலரைக்கு ஆட்டோ சொல்லி வைத்து உப்பிலியபுரம் தாண்டி, புள்ளி முதலில் நிற்கும் இடத்தில் இறங்கிக்கொண்டேன். ஆட்டோக்காரர், "இங்க யாரும் இல்லையேம்மா" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

உண்மைதான், யாரும் இல்லை. பச்சைமலை பக்கமிருந்து பனி இறங்கி ரோட்டை மூடியிருந்தது. ஓரத்தில் நான்கு மூட்டைகள் மட்டும் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு வேலிக் கம்பில் மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என் போனில் 'குணா' என்ற புள்ளி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. பிறகு பனிக்குள் இரண்டு சின்ன ஹாரன் கேட்டது. எங்கள் வீட்டு வாசலில் வருஷக்கணக்காகக் கேட்ட அதே ஹாரன். ஓடிவிடலாமா என்றிருந்தது.

இறங்கியவருக்கு முப்பது வயதிருக்கும். பெயர் முருகேசன், சொந்த ஊர் மருங்காபுரி பக்கம். நான் யார் என்று சொல்லவில்லை. திருச்சி வரைக்கும் வரலாமா என்று மட்டும் கேட்டேன். "ஏறுங்கக்கா, முன்னாடி சீட்டு காலிதான்" என்றார். மூட்டைகளை ஏற்றினார். மஞ்சப்பையை மட்டும் தன் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக மாட்டினார்.

"ஆளே இல்லாம சரக்கு நிக்குதே?" என்றேன்.

"இந்த லைன்ல அப்படித்தாங்கக்கா. ஹாரன் கேட்டா வண்டி வந்துடுச்சுன்னு அர்த்தம். காசு மண்டியிலேர்ந்து நேரா அவங்க போனுக்குப் போயிடும். என் மூஞ்சிய யாரும் பாக்கறதில்ல."

அடுத்த நிறுத்தத்தில், இருட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "குணா, இன்னிக்கு ரெண்டு மூட்டைதான்!" முருகேசன் பதிலுக்கு ஒரு ஹாரன் கொடுத்தார்.

அப்போதுதான் ஸ்டாண்டில் இருந்த அவர் போனைக் கவனித்தேன். மேப்பில் ஒரு நீலக் கோடு, அதன்மேல் ஒரு புள்ளி எங்களுக்குச் சற்று முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இது யார் என்று கேட்டேன்.

"பழைய டிரைவருங்க. ஆப்ல பழைய நாள் ஒண்ணை எடுத்து ஓடவிட்டா, அன்னிக்கு வண்டி எப்படிப் போச்சோ அப்படியே காட்டும். பாஸ்வேர்டு வண்டிக்குள்ளயே ஒட்டியிருந்துச்சு. நான் இந்தப் பக்கத்துக்கே புதுசு. தோட்டம் தெரியாது, ஆள் தெரியாது. அவர் பின்னாடியே போனேன். அவர் நின்ன இடத்துல நின்னு ஹாரன் அடிச்சேன், சரக்கு வந்துச்சு."

"இப்பதான் வழி தெரியுமே. இன்னும் எதுக்கு?"

"பழகிடுச்சுக்கா. முன்னாடி ஒருத்தர் போறாருன்னா பனியில ஒரு தைரியம்."

எந்த நாளை ஓட விடுகிறார் என்று கேட்டேன். கடைசி நாள் என்றார். அதற்கப்புறம் அவர் ஓட்டிய நாள் எதுவும் இல்லையாம். பழைய டிரைவர் துபாய் போய்விட்டதாகப் புரோக்கர் சொன்னாராம். செத்தவன் வண்டி என்றால் ராசி பார்ப்பார்கள், விலை போகாது. அதற்காகச் சொன்ன பொய். என் தம்பியின் கடைசிக் காலை தினமும் இந்த ரோட்டில் ஒரு தடவை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

புலிவலம் காட்டுக்கு முன்னால் ஒரு புளியமரம். புள்ளி அங்கே நின்றது. முருகேசனும் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். வீடு இல்லை, மூட்டை இல்லை, டீக்கடைகூட இல்லை.

"இங்க என்ன?"

"தெரியலக்கா. பத்து நிமிஷம் நின்னிருக்காரு. நானும் நிக்கறேன். எதுக்குன்னுதான் இன்னிவரைக்கும் பிடிபடல."

மணி பார்த்தேன். ஏழு பத்து. காற்றில் புளியமரம் சலசலத்தது. இந்தச் சத்தத்தை நான் எங்கோ கேட்டிருக்கிறேனே என்று ஒரு நிமிடம் குழம்பி, பிறகு பிடித்துக்கொண்டேன். குணா தினமும் எனக்குப் போன் செய்கிற நேரம் அது. பின்னால் இந்தச் சலசலப்புதான் கேட்டுக்கொண்டிருக்கும். நான் குக்கர் விசிலுக்கு நடுவே பேசிக்கொண்டிருப்பேன். எங்கிருந்து பேசுகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அது அடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அடிக்காதா என்றும் இருந்தது. புள்ளி நகர்ந்தது. நாங்களும் கிளம்பினோம்.

மண்ணச்சநல்லூர், டோல்கேட், கொள்ளிடம் பாலம், காவிரிப் பாலம், காந்தி மார்க்கெட். இறக்கி, மளிகை ஏற்றிக் கிளம்பப் பகல் பன்னிரண்டாகிவிட்டது. மறுபடி காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் நுழைந்தோம். எங்கள் தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தும் எனக்குக் குளிர் விடவில்லை. எங்கள் வாசலில் புள்ளி நின்றது. கோடும் அங்கேயே முடிந்தது.

"இதுக்கு மேல அவர் எங்க போனாருன்னு காட்டலைங்க. திரும்பிப் போற வழி மட்டும் நானாக் கத்துக்கிட்டது" என்றார் முருகேசன். "முதநாள் அந்தப் பையை எங்க இறக்கறதுன்னும் தெரியல. இங்க கேட்ல காலிப்பை ஒண்ணு தொங்குச்சு. சரி, இங்கதான்னு மாத்தி மாட்டிட்டேன்."

ஹாரன் அடித்துவிட்டு இறங்கினார். நானும் இறங்கி, அவருக்கு முன்னால் போய்க் கேட்டைத் திறந்தேன். திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்துச் சுவர் தெரிந்தது. சந்தன மாலைக்குள் குணாவின் போட்டோ, கீழே சின்ன சிவப்பு பல்பு. முருகேசன் பையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இவரா?" என்றார். நான் தலையசைத்தேன்.

"ரெண்டு மாசமா இவர் பின்னாடியாக்கா வந்துக்கிட்டிருந்தேன்?"

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. முருகேசனைத்தான் ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, இவர் குணா இல்லம்மா" என்றேன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"எனக்குத் தெரியாதாடி? அவனைக் குளிப்பாட்டி அனுப்பி வெச்சவ நான். அன்னிக்கு வண்டி நகர்ந்துச்சு, தோட்டத்துக்காரங்க அவன்கிட்ட குடுத்தனுப்பற காய்க்கு மாத்தா, கை தானா காலிப்பையக் கொண்டுபோய் மாட்டுச்சு. வெளிய வந்து பாத்தா வேற முகமா இருக்கும். அதான் வண்டி போனப்புறம் வருவேன்." அவரிடம் திரும்பினாள். "இப்பப் பாத்தாச்சு. கை கழுவிட்டு வாப்பா, சாதம் சூடா இருக்கு."

முருகேசன் வெகுநேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். "கெட்ட வழியில ஒண்ணும் கூட்டிட்டு வரலியே" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். சாப்பிடும்போதுதான் புளியமரத்து விஷயத்தை அவரிடம் சொன்னேன், கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு எடுத்த டிக்கெட்டை அன்று சாயங்காலமே ரத்து செய்தேன். புத்தி தடுமாறியது யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை, பார்வையிலேயே கேட்டுவிட்டாள்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். உப்பிலியபுரம் பக்கம் கார்த்திகை, மார்கழியில் போனால் குல்லாவும் டார்ச்சும் அவசியம். சத்திரத்திலிருந்து துறையூருக்கு அடிக்கடி பஸ் உண்டு. ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ்ஸே போதும். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரோட்டோரம் ஆளில்லாமல் மூட்டை நின்றால் தொடாதீர்கள், அதற்கு வண்டி வரும். வண்டியை விற்கும்போது ஜிபிஎஸ்ஸைக் கழற்றிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் இன்னும் கழற்றச் சொல்லவில்லை.

கோவைக்குத் திரும்பிய மறுநாள் காலை குக்கர் வைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மணி ஏழு பத்து. எடுத்ததும் முதலில் அந்தச் சலசலப்புதான் கேட்டது.

"அக்கா, முருகேசன் பேசறேன். மரத்தடியில நிக்கறேன். எதுக்கு நிக்கறேன்னு தெரிஞ்சப்புறம் சும்மா நிக்க முடியல. என்ன பேசறதுன்னுதான் தெரியல. அவர் என்னக்கா பேசுவாரு?"

"சாப்டியான்னு கேப்பான்" என்றேன்.

அவரும் அதையே கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அவனிடமும் தினம் அதைத்தான் சொல்வேன்.